ஸ்க்ரூ கிடந்த கப்

எங்கள் அலுவலகத்தில் பேப்பர் கப் வாங்குவதில்லை. கடலூர் செம்மண்டலத்தில் மாடியில் இரண்டு அறை, கீழே இன்வெர்ட்டர் பேட்டரி அடுக்கிய குடோன், அவ்வளவுதான் அலுவலகம். லாரி டிரைவர் வந்தாலும் பேங்க் மேனேஜர் வந்தாலும் பீங்கான் கப்பில்தான் டீ. ஆனால் பீரோவின் மேல் தட்டில் ஒரே ஒரு கட்டு பேப்பர் கப், உறை பிரிக்காமல் நெடுநாள் இருந்தது. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரிதான். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கும்போது அந்தக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இதை எதற்கு இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்பாள். ஒருத்தர் வருவார், அவருக்கு என்பேன். அவளுக்கு யார் என்று தெரியும். தூசி தட்டி அதே இடத்தில் வைத்துவிடுவாள்.

அந்த ஒருத்தருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் பெயரும் கடைப் பெயரும் இதில் வராது. அந்த அளவு மரியாதை எனக்குத் தெரியும். சிதம்பரத்தில் தேரோடும் நாலு வீதியில் ஒன்றில் அவருக்கு எலக்ட்ரிகல் கடை இருக்கிறது என்று சொன்னால் போதும்.

நான் பிளஸ் டூவோடு படிப்பை விட்டவன். வயர், சுவிட்ச் விற்கிற ஒரு கம்பெனியில் ரெப்பாகச் சேர்ந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கடை ஏறி இறங்கினேன். எங்கள் தொழிலில் அதற்கு லைன் என்று பெயர். ஒரு நாள் பண்ருட்டி லைன், ஒரு நாள் விருத்தாசலம் லைன், ஒரு நாள் சிதம்பரம் லைன். இப்போதெல்லாம் கம்பெனிகள் பெரிய ஓட்டலில் ஹால் எடுத்து வியாபார மரியாதைக்கு வகுப்பு நடத்துகின்றன. விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டு, கை குலுக்கும்போது கண்ணைப் பார், பேசும்போது போனைக் கவிழ்த்து வை. எனக்கு அப்படி யாரும் சொல்லித் தரவில்லை. கடைக்காரர்கள் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தவன் நான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பெயிண்ட் கடைக்காரர். வாடிக்கையாளர் நிற்கும்போது நான் வாயைத் திறந்துவிட்டால், "உன் ஆர்டர் எங்கயும் போவாது, அந்தம்மா பஸ்ஸு போயிரும், கம்முனு இரு" என்பார். அதற்கப்புறம் எந்தக் கடையிலும் வாடிக்கையாளர் நகரும் வரை நான் பேசியதில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா, கணவர் போன பிறகு மோட்டார், பைப் கடையைத் தனியாக நடத்துகிறவர். வெயிலில் போய் நின்றால் முதலில் ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டு, "உக்காருப்பா, உக்காரச் சொல்றதுக்கு ஜி.எஸ்.டி. கெடையாது" என்பார். ஜி.எஸ்.டி. வந்த புதிது அது. கடைக்காரர்கள் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், அந்த அக்கா மட்டும் அதைவைத்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். அவர் கடையில் எவர்சில்வர் டம்ளர். எல்லாருக்கும் அதே டம்ளர்.

இவர்கள் எல்லாரையும் விட மரியாதையில் பேர் வாங்கியவர் நான் சொல்ல வந்த அந்த எலக்ட்ரிகல் கடைக்காரர்தான். வெள்ளைச் சட்டை, கசங்காத வேட்டி. யார் கடைக்குள் வந்தாலும் எழுந்து நின்று கும்பிடுவார். அடுத்த கம்பெனி ரெப்பான என் சிநேகிதன் அவரைப் பற்றி முன்கூட்டியே சொல்லியிருந்தான். மற்ற கடைகளில் நம்மைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இவர் எழுந்து நிற்பார், பார் என்றான். முதல் நாள் நான் போனபோது அவர் எழுந்து நின்றார். என்னுடைய வயசுக்கும் என் சட்டைக்கும் அதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை. பையை இறக்கி வைக்கக்கூட மறந்து பதிலுக்குக் கும்பிட்டேன்.

உட்காரச் சொன்னார். டீ வந்தது. கெட்டிலில் கொண்டுவந்து ஊற்றுவது டீக்கடைக்காரர், கப் மட்டும் கடையினுடையது. வெள்ளைப் பீங்கான், சுற்றிலும் சின்னச் சின்ன நீலப்பூ. எனக்கு வந்த கப்பில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பூ பாதிதான் அச்சாகியிருந்தது. அவர் என் சாம்பிள்களைப் பார்க்கும் வரை நான் அந்தப் பாதிப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நினைவிருக்கிறது.

டீ குடித்து முடித்த பிறகு அவர் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பிக்குச் சொந்த ஊரே கடலூரா?"

"இல்லைங்க சார். திட்டக்குடி பக்கம்."

"திட்டக்குடியில?"

ஊர் பேரைச் சொன்னேன்.

"அட, அங்க நமக்குத் தெரிஞ்சவுங்க இருக்காங்களே. ஊர்ல எந்தப் பக்கம்? கோயில் பக்கமா?"

"ஏரி தாண்டிங்க சார்."

"சரி, சரி" என்றார்.

இந்தக் கேள்வி எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோயில் பக்கம் ஊர், ஏரி தாண்டினால் நாங்கள். சாதி என்ற வார்த்தை வாயில் வராமலே விசாரணை முடிந்துவிடும். நாகரிகமானவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். பொய் சொல்லியிருக்கலாம். பல பேர் சொல்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. எழுந்து நின்று வரவேற்ற மனிதரிடம் எதற்குப் பொய் என்று நினைத்தேன். அவர் நல்ல ஆர்டரே கொடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். பஸ்ஸில் பி.முட்லூர் வரும் வரைக்கும் நான் சிரித்த முகமாகவே இருந்தேன்.

அடுத்த முறை போனபோது சிநேகிதனும் கூட வந்தான். அவர் அதேபோல் எழுந்து நின்றார். அதே கும்பிடு, அதே வாங்க தம்பி. டீ வந்தது. அவருக்கும் சிநேகிதனுக்கும் நீலப்பூ கப். எனக்கு மேஜை டிராயரைத் திறந்து ஒரு பேப்பர் கப்பை எடுத்து வைத்தார்.

சிநேகிதன் வெள்ளந்தி. "மச்சான், ஒனக்கு மட்டும் புத்தம் புதுசு. வி.ஐ.பி.டா நீ" என்று தொடையில் தட்டினான். கடைக்காரரும் சிரித்தார். தம்பி அலைஞ்சு திரிஞ்சு வருது, சுத்தமா குடிக்கட்டும் என்றார். அந்தச் சிரிப்பில் ஒரு கெடுதலும் தெரியவில்லை. நானும் சிரித்திருப்பேன், கல்லாவுக்குப் பக்கத்தில் என் கண் போகாமல் இருந்திருந்தால்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீலப்பூ கப் இருந்தது. அதில் சுவிட்ச் பெட்டிக்குப் போடுகிற ஸ்க்ரூ நிறையக் கிடந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் பாதிப் பூ.

அது உடைந்திருக்கவில்லை. விரிசல் இல்லை, கைப்பிடி இருந்தது, விளிம்பு முழுசாக இருந்தது. என் வாய் பட்டது ஒன்றுதான் அதற்கு நேர்ந்தது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை போலிருக்கிறது, நல்ல பீங்கான் ஆச்சே. அதனால் ஸ்க்ரூவுக்குக் கொடுத்துவிட்டார்.

சிநேகிதனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் அங்கேயே சத்தம் போட்டிருப்பான். என் ஆர்டர் போயிருக்கும், அவன் ஆர்டரும் போயிருக்கும். சிதம்பரம் லைனில் பாதி வியாபாரம் அந்த ஒரு கடை. நான் சூடான பேப்பர் கப்பை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்துக் குடித்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் குடித்தேன். அவர் செக் கொடுத்தால் கண்ணாடி மேஜையில் வைப்பார், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். பேனா கேட்டால் மேஜையில் உருட்டிவிடுவார். கையில் எதுவும் வராது. ஆனால் எழுந்து நிற்பதை ஒரு நாளும் விடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முறைத்திருந்தால் முறைத்துக்கொண்டு போயிருப்பேன். இவர் கும்பிட்டுக்கொண்டே செய்தார்.

ஒரு நாள் இந்த மனுஷன் வாயாலேயே அந்தக் கப் ஏன் ஸ்க்ரூவுக்குப் போனது என்று வர வேண்டும். அதுவும் அவர் மதிக்கிற ஆள் எதிரில் வர வேண்டும். பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். கடவுளிடம் கேட்டேனா என்னிடமே கேட்டேனா என்று தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்துக்குப் புயல் புதுசில்லை. புயல் வந்தால் கரண்டு போகும், வர நாளாகும். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இன்வெர்ட்டர் கேட்டு ஜனம் கடை ஏறும். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் ரெப் வேலையை விட்டுவிட்டு, ஒரு பேட்டரி கம்பெனியின் விநியோகத்தை எடுத்தேன். வீட்டுக்காரியின் நகை, சிநேகிதனின் ஜாமீன் கையெழுத்து, நிறையப் பேச்சு. எப்படியோ நின்றுவிட்டது. கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் எல்லா ஊரிலும் எங்கள் மூலமாகத்தான் அந்த பேட்டரி போகும் என்று ஆனது. சிதம்பரம் டவுனுக்கு ஒரே ஒரு டீலர், அவருக்கு மட்டும்தான் சரக்கு என்று கம்பெனி முடிவு செய்தது. யார் என்று தேர்ந்து சொல்வது என் பொறுப்பு. இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் ஸ்டூலை நகர்த்திவிடும் அக்கா. இன்னொருவர் அவர்.

அவர் மகனோடு காரில் செம்மண்டலத்துக்கு வந்தார். மகனுக்கு முப்பது வயசிருக்கும், வெளியூரில் படித்துவிட்டு வந்து கடையைப் பார்த்துக்கொள்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன், அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். பளிச்சென்று பேசினான். இந்த முறை எழுந்து நின்றது நான். அவர் என்னை "சார்" என்றார். தம்பி எப்போது சாராக மாறியது என்று யோசித்துக்கொண்டே உட்காரச் சொன்னேன்.

வீட்டுக்காரிக்குக் கண்ணால் சொன்னேன். அவள் பீரோவைத் திறந்து, மேல் தட்டிலிருந்து அந்தக் கட்டை எடுத்து உறையைப் பிரித்தாள். அந்தச் சரசரப்புக்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேன் தெரியுமா. மகனுக்குப் பீங்கான், எனக்குப் பீங்கான், அவருக்குப் பேப்பர் கப். அவர் முகத்தையே பார்த்தேன். அது சுருங்கும், சிவக்கும், ஒரு நொடியாவது என்னைப் பார்க்கும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. வாசலில் நுழைந்ததிலிருந்து தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்த மனிதர், கப்பைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "பேப்பர் கப்பா, ரொம்ப நல்லது சார். நமக்கு இதான் சரி" என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டீ பிரமாதம் என்று வீட்டுக்காரிக்கு ஒரு கும்பிடும் போட்டார்.

கார் போன பிறகு நான் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரிதான் கப்புகளை அள்ளிக்கொண்டே சொன்னாள்.

"அவரு நம்ம கப்புல எப்படிக் குடிக்கிறதுன்னு பயந்துக்கினே வந்துருக்காரு. நீங்க என்னாடான்னா காப்பாத்தி வுட்டுட்டீங்க."

அவ்வளவு காலம் அடைகாத்த பழி இப்படி அவருக்கு உபசாரமாகப் போய்விட்டது.  அவமானம் என்பது ஒரு பொருளில் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எனக்குச் சுட்ட அதே பேப்பர் கப் அவருக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. அப்படியானால் அவருக்குச் சுடுவது எது? பதில் அவர் கடையிலேயே, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

டீலர் போடுவதற்கு முன்னால் கடையை நேரில் போய்ப் பார்ப்பது வழக்கம். பேட்டரி வைக்க இடம் இருக்கிறதா, காற்றோட்டம் இருக்கிறதா, போர்டு எங்கே மாட்டுவது என்று பார்க்க வேண்டும். முதலில் அக்கா கடைக்குப் போனேன். ஸ்டூல் மாறியிருந்தது, காலால் நகர்த்துவது மாறவில்லை. இடம் கொஞ்சம் நெருக்கடிதான். பக்கத்து ரூமை எடுத்துக்கொள்கிறேன் என்றார். கம்பெனிக்காரன் யாராவது கடை சின்னதா இருக்கேன்னு கேட்டா, மனசு பெருசுன்னு சொல்லு என்றார். எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்துவிட்டு அந்த எலக்ட்ரிகல் கடைக்கு நடந்தேன்.

என்னை வரவேற்க அப்பா, மகன் இரண்டு பேரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஒப்புக்கொள்ள வேண்டும், கடை நல்ல விசாலம். மகன் பேட்டரிக்கென்று ஒரு பக்கத்தை ஒழித்து ரேக் கூடப் போட்டிருந்தான். கணக்குப் பார்த்தால் டீலர் அவர்கள்தான். உட்கார்ந்ததும் டீ வந்தது. எனக்கு ஒரு புதுக் கப், தங்க விளிம்பு, கீழே சாசர். அப்போதுதான் கடையிலிருந்து வாங்கி வந்திருக்கிறார்கள், சாசரின் அடியில் விலை போட்டு ஒட்டின தாள் கூட எடுக்கப்படவில்லை. நான் அதைத் தொடவில்லை. நான் குடித்து முடித்த பிறகு அதில் என்ன ஸ்க்ரூ போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். இருந்தது. இத்தனை வருஷத்தில் கடைக்கு ஏ.சி. வந்திருக்கிறது, கண்ணாடிக் கதவு வந்திருக்கிறது, கல்லா கம்ப்யூட்டராக மாறியிருக்கிறது. பாதிப் பூ போட்ட கப் அங்கேயே ஸ்க்ரூவோடு இருந்தது.

நான் எழுந்து போய் அதை எடுத்தேன். ஸ்க்ரூவை ஒரு பழைய பேப்பரில் கொட்டினேன். கடையின் பின்பக்கம் குழாய் இருந்தது. சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். மகன் பதறிப்போய், கொடுங்கள் சார், நீங்கள் எதற்கு என்று பின்னாலேயே வந்தான். பரவாயில்லை தம்பி என்றேன். கைக்குட்டையால் துடைத்து, அவர் எதிரில் கண்ணாடி மேஜை மேல் வைத்தேன்.

"சார், நீங்க இதுல ஒரு வாய் டீ குடிங்க. நாம பேசி முடிச்சிரலாம்."

அவருக்குப் புரிந்துவிட்டது. கப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். எனக்குச் சக்கரை சார், டாக்டர் டீயே கூடாதுன்னுட்டார் என்றார்.

மகன் உதவிக்கு வருவதாக நினைத்துக்கொண்டு ஓடினான். "அப்பாவுக்குச் சக்கரை இல்லாம தனி பிளாஸ்க்கு இருக்கு சார்" என்று அதை எடுத்துவந்து, அந்தக் கப்பில் அவனே ஊற்றினான். ஆவி பறந்தது.

இப்போதுதான் குடித்தேன் என்றார் அவர். மகன் சும்மா இருக்கக் கூடாதா. "எங்க குடிச்சீங்கப்பா? சார் வரட்டும்னு காலைலேர்ந்து ஒண்ணுமே குடிக்கலயே" என்றான்.

அவர் கப்பின் கைப்பிடியைத் தொட்டார். தூக்கினார் என்று கூடச் சொல்லலாம், மேஜையிலிருந்து ஒரு விரல் உயரம். பிறகு வைத்துவிட்டார். வெள்ளைச் சட்டையின் காலரில் வேர்வை தெரிந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்திருந்தால் டீலர்ஷிப் அவருக்குத்தான். மனசார இதைச் சொல்கிறேன். ஒரே ஒரு வாய் போதும், நான் தோற்றுப்போயிருப்பேன். அவர் கை மறுபடி கப்புக்குப் போகவில்லை.

மகனுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. என்னைச் சமாதானப்படுத்த நினைத்தான் போலிருக்கிறது. அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை சார், அவருக்குப் பதிலாக நான் குடிக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே கப்பை எடுத்தான்.

"டேய், அதுல வேணாம்."

அவர் கை நீண்டு மகனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கொஞ்சம் டீ சிந்தியது. 

"ஏம்பா?" என்றான் மகன். "நல்ல கப்புதானே. கழுவியாச்சே."

அவர் பேப்பரில் கொட்டிக் கிடந்த ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். அவர் வாயால் வரட்டும் என்று நல்ல மரியாதையோடு காத்திருந்தேன். வரவில்லை. அப்புறம் நான்தான் சொன்னேன், மகனைப் பார்த்து.

"தம்பி, ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கப்புல ஒரு ரெப்பு டீ குடிச்சான். உங்கப்பா அவன எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டாரு. அவன் ஏரி தாண்டின்னு சொன்னான். அடுத்த வாட்டி அவன் வரும்போது இதுல ஸ்க்ரூ கெடந்துச்சு. அந்த ரெப்பு நான்தான்."

மகன் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தான். குடிக்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார், அவரைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம். மனசுல வச்சுக்காதீங்க சார்" என்றார் அவர்.

"நான் எங்க சார் வச்சிருந்தேன்? நீங்கதான் வச்சிருந்தீங்க, கல்லா பக்கத்துல."

டீயைக் குழாயடியில் ஊற்றிவிட்டு வந்து கப்பை மறுபடி அவர் எதிரில் வைத்தேன். இந்தக் கப்பை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக என்று சட்டென்று சொன்னார், அதில் ஒரு நிம்மதி கூட இருந்தது. மேஜைமேல் அதை என் பக்கமாகத் தள்ளினார். நான் எடுக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"கையில குடுங்க சார்."

மகன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கப்பை எடுத்து என் கையில் வைத்தார். அவர் விரல் என் உள்ளங்கையில் பட்டது. இத்தனை வருஷ வியாபாரத்தில் அதுதான் முதல் தடவை. ரொம்ப நன்றிங்க, போயிட்டு வரேன் என்று கும்பிட்டேன். அவரும் பழக்கதோஷத்தில் வாசல் வரை வந்து கும்பிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டே அக்காவுக்குப் போன் போட்டு, பக்கத்து ரூமை எடுத்துவிடுங்கள் என்றேன்.

இரண்டு நாள் கழித்து அந்த மகன் போன் செய்தான். கடையைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்கிறேன், டீலர்ஷிப்பைத் தன் பேரில் கொடுங்கள் என்றான். அப்பா செய்தது தப்புதான் சார் என்றும் சொன்னான். நல்ல பையன் என்றுதான் தோன்றியது. கொடுத்தாயிற்று தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள என்னா பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. குடிக்கவும் இல்ல."

அவள் ஒத்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது. மிச்சமிருந்த பேப்பர் கப்புகளில் மண் போட்டு மிளகாய் விதை ஊன்றிவிட்டாள். மாடிப்படி ஓரத்தில் நன்றாக முளைத்திருக்கிறது.

பழி தீர்ந்ததா என்று சிநேகிதன் கேட்கிறான். டீலர்ஷிப் போனது ஒரு அடி, அது அவருக்குச் சீக்கிரம் ஆறிவிடும். ஆறக் கூடாது என்றுதான் நான் பேசுகிறேன். பேசுவது எனக்கு வரும், வேறு என்ன படித்தேன். சிதம்பரம் லைனில் இந்தக் கதையை நான் சொல்லாத கடை இல்லை. பெயர் சொல்வதில்லை, கப்பை மட்டும் சொல்வேன். நீலப்பூ கப் என்றாலே எந்தக் கடை என்று லைனில் எல்லாருக்கும் தெரியும். கேட்டவர்கள் அடுத்தவரிடம் சொல்கிறார்கள். இப்போது அந்தக் கடையில் பீங்கான் கப் எடுத்தால் வருகிறவர், நான் குடிச்சப்புறம் இதுல என்னா போடுவீங்க என்கிறாராம். பேப்பர் கப் எடுத்தால், சார் நான் ஏரி தாண்டி இல்லீங்களே என்று ஒருத்தர் சிரித்தாராம். கடைசியில் அந்தக் கடையில் டீ சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். எழுந்து நிற்பது இருக்கிறது, கும்பிடு இருக்கிறது, டீ மட்டும் இல்லை. அக்கா இதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியாமல், பேட்டரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கப் என் மேஜையில் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து யார் வந்தாலும் அதில்தான் டீ. முதலில் குடிக்கக் கொடுப்பேன், பிறகு கதையைச் சொல்வேன். இதுவரை ஒருவர்கூடப் பாதியில் கீழே வைக்கவில்லை. அக்கா அதில் குடித்துவிட்டு, ஸ்க்ரூ கெடந்த கப்பு, இரும்புச் சத்து ஜாஸ்தி என்று இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார்.

கார்த்திகை, மார்கழியில் இன்னொரு புயல் வராமல் இருக்காது. பேட்டரிக்குத் தட்டுப்பாடு வரும். அக்கா கடையில் தீர்ந்துவிட்டால் எல்லாரும் நேராக செம்மண்டலத்துக்குத்தான் வர வேண்டும், அவர் உட்பட. வரட்டும். நான் எழுந்து நின்று கும்பிடுவேன், நாற்காலியை இழுத்துப் போடுவேன், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். சக்கரை இல்லாமல்தான் டீ போடச் சொல்வேன். அவர் கண் எதிரிலேயே கப்பைக் கழுவித் துடைத்து, பாதிப் பூ அவர் பக்கம் தெரிகிற மாதிரி வைப்பேன்.